ஏழாம் சோடி

நான் பார்த்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த மிக அழகான இலக்கம் தொண்ணூற்றெட்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. றமீஸாவும் சின்னத்தங்கமும் சேர்ந்து வாங்கிய புள்ளி அது. கொழும்பு அலுவலகத்தில் அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். 

என் பெயர் நல்லரத்தினம். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் முளைத்த நிறுவனங்களில் ஒன்றில் கண்காணிப்பு மதிப்பீட்டு அலுவலராக இருந்தேன். பதவியின் பெயர்தான் நீளம். வேலை இவ்வளவுதான்: தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வேலைத்தலத்தில் சேர்ந்து வேலை செய்கிறார்களா, செய்தால் எவ்வளவு சேர்ந்திருக்கிறார்கள் என்று அளந்து சொல்ல வேண்டும். நெல்லை அளக்கலாம், துணியை அளக்கலாம், இதையும் அளக்கலாம் என்று கொழும்பில் யாரோ நம்பினார்கள். மாதம் முடிய சம்பளம் வந்தது, எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

2005ஆம் ஆண்டு நடுப்பகுதியில், வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில் ஒரு வெறுங்காணியில் கல் அரியும் களம் ஒன்றைத் திறந்தோம். சுனாமி வீடுகளுக்கு சீமெந்துக் கல் தேவைப்பட்டது. இருபத்துநான்கு பெண்களை எடுத்தோம். பன்னிரண்டு பேர் தமிழர், பன்னிரண்டு பேர் முஸ்லிம்கள். கலவை நிறைந்த இரும்பு அச்சைத் தூக்கிக் கவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே பன்னிரண்டு சோடி, ஒவ்வொரு சோடியிலும் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு முஸ்லிம் பெண்ணும். இந்தப் பெரிய மூளை என்னுடையதுதான். தூக்கும் பாரம் இருவரையும் சேர்த்துவிடும் என்று அறிக்கையில் எழுதியவனும் நானே.

மாதக் கடைசி வியாழக்கிழமை படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வெள்ளி காலையில் போய் எடுத்து வருவேன். உங்கள் சோடியோடு எத்தனை நாள் வேலை செய்தீர்கள், எத்தனை நாள் சேர்ந்திருந்து சாப்பிட்டீர்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனீர்களா என்று பதின்மூன்று கேள்விகள். எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாதவர் பெருவிரல் வைக்க வேண்டும். பெண்கள் அதைக் கலப்புப் படிவம் என்பார்கள். எனக்குப் படிவக்கார சேர் என்று பெயர். எனக்கு அவர்களின் பெயர்கள் தெரியும், புள்ளிகள் தெரியும். முகம் தெரியாது. சீமெந்துத் தூசுக்குப் பயந்து கண்ணுக்குக் கீழே எல்லோரும் துணி சுற்றியிருப்பார்கள். எண்ணிப் பார்த்து இருபத்துமூன்று பேர் நின்றால், ஒருத்தி தண்ணி அள்ளப் போயிருக்கிறாள் என்பார்கள். நானும் சரி என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விடுவேன்.

முகம் தெரிந்த ஒரே ஆள் றமீஸா. களத்தின் வரவுக் கொப்பி அவர் கையில் இருந்தது. ஓட்டமாவடியில் பிறந்தவர், ஓ.எல். பரீட்சை வரை படித்தவர். கணவர் மஜீட் லொறி ஓட்டியவர், 2001இல் கட்டாருக்குப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. இரண்டு பெண் பிள்ளைகளோடு றமீஸா தனித்து நின்றார். ஆனால் நடுத்தெருவில் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள், தமிழரிலும் அப்படித்தான், முஸ்லிம்களிலும் அப்படித்தான். வீடு அவருடையது. அந்தத் துணிவு அவருடைய நடையிலும் கதையிலும் இருக்கும். ஒரு முறை நான் பிழையாகக் கூட்டிய புள்ளியைப் பார்த்துவிட்டு, "சேர், கூட்டத் தெரியாட்டி எனக்கிட்ட தாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கூட்டிப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

அவருடைய சோடி சின்னத்தங்கம். மாங்கேணிக்காரி. சுனாமியன்று காலையில் புருசன் கடலில் நின்றான், திரும்பி வரவில்லை. ஆறு வயது மகள் விதுர்ஷாவைத் தூக்கிக்கொண்டு வாழைச்சேனைப் பள்ளிக்கூட முகாமுக்கு வந்தாள். ஓட்டமாவடியில் சோறு சமைத்துப் பார்சல் கட்டி முகாமுக்குக் கொண்டுபோனவர்களில் றமீஸாவும் ஒருவர். இரண்டு நாளாகப் பார்சலைப் பிரிக்காமல் வைத்திருந்த பெண்ணைக் கண்டு, "நீ திண்ணாட்டி இந்தப் புள்ளயை ஆரு பாக்கிற?" என்று ஏசினாராம். அந்த ஏச்சுக்குப் பிறகுதான் அவள் வாயில் சோறு வைத்தாளாம். அன்றிலிருந்து, முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல, றமீஸாவை ராத்தா என்றே கூப்பிட்டாள். களம் திறந்தபோது அவளைக் கூட்டி வந்து பெயர் பதிந்ததும் றமீஸாதான். ஏழாம் அச்சு அவர்களுக்கு.

முதல் வருடம் எல்லாச் சோடிக்கும் அறுபது, அறுபத்தைந்து. ஏழாம் சோடிக்கு எழுபது. 2006 கடைசியில் வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. வாழைச்சேனையில் நின்றால் செல் அடிக்கிற சத்தம் கேட்கும். கடை பூட்டு, ஹர்த்தால், தமிழ்ப் பக்கம் ஒரு நாள், முஸ்லிம் பக்கம் ஒரு நாள். இந்த மாதங்களில் புள்ளி சரிந்து விழும் என்று நான் அறிக்கையைக்கூட முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். ஆனால் புள்ளி ஏறியது. எல்லாச் சோடியும் எண்பதைத் தாண்டியது, ஏழாம் சோடி தொண்ணூற்றைத் தாண்டியது. 2008 நடுவில் தொண்ணூற்றெட்டு. நான் மலைத்துப்போனேன். வெளியே ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிற காலத்தில் என் களத்துக்குள் இப்படியா என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

2008 ஓகஸ்ட் கடைசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஏழாம் சோடிக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்களாம். இருவரின் அடையாள அட்டைப் பிரதியும், மூன்று வருடப் படிவங்களின் பிரதியும் அனுப்ப வேண்டும். படிவங்களை எடுத்து மேசையில் மாத ஒழுங்கில் அடுக்கினேன். றமீஸாவின் கையெழுத்து ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி. பக்கத்தில் சின்னத்தங்கத்தின் பெருவிரல்.

2006 ஒக்ரோபர் வரையில் அந்த அடையாளம் பெரியது. நவம்பரில் சின்னதாகிவிட்டது. முதலில் மை போதாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் சின்னது. அளக்கிறவன் கையில் அடிமட்டம் இல்லாமல் இருக்குமா? வைத்து அளந்தேன். ஒக்ரோபரில் பதினெட்டு மில்லிமீற்றர் அகலம், நவம்பரில் பதினொன்று. 2007 கடைசியில் பன்னிரண்டு. 2008 ஓகஸ்டில் பதின்மூன்று.

வளர்ந்த பெண்ணின் விரல் ஒரு மாதத்தில் சுருங்காது. அதுவும் சுருங்கிய விரல் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளராது. அது ஒரு குழந்தையின் விரல். இருபத்திரண்டு மாதமாக நான் இந்தத் தாள்களைக் கையில் வாங்கி, புள்ளி கூட்டி, படம் கீறி, கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவைகூட விரலைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிள் பழுதாகிக் கராச்சில் நின்றது. பஸ்ஸில் போய் இறங்கிக் களத்துக்கு நடந்தேன். நான் வருகிற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வேலியடியில் நின்று பார்த்தேன். களத்தின் இந்தக் கரையில் தமிழ்ப் பெண்கள் தங்களுக்குள் சோடி சேர்ந்து அச்சுத் தூக்கினார்கள். அந்தக் கரையில் முஸ்லிம் பெண்கள் தங்களுக்குள் சோடி சேர்ந்து தூக்கினார்கள். நடுவில் பத்துப் பாக அகலத்துக்கு வெறும் மணல். என் எண்பத்தைந்தும் எண்பத்தெட்டும் அந்த மணலில் கிடந்தன.

ஏழாம் அச்சு மட்டும் நடுவில் இருந்தது. றமீஸா ஒரு பக்கம் பிடித்திருந்தார். மறுபக்கம் ஒரு தமிழ்ப் பெண். பத்துக் கல் கவிழ்த்ததும் அவள் போனாள், அந்தக் கரையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வந்து பிடித்தாள். இன்னும் பத்துக் கல். பிறகு இந்தக் கரையிலிருந்து ஒருத்தி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முறை தெரிந்தவர்கள் போல வந்தார்கள், தூக்கினார்கள், போனார்கள். சின்னத்தங்கம் என்ற பெயரில் அங்கே யாரும் இல்லை.

றமீஸா என்னைக் கண்டார். கையிலிருந்த அச்சு மணலில் விழுந்து கல் உடைந்தது.

"சின்னத்தங்கம் எங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, பொலிஸ்காரன் குரல் மாதிரி இருந்தது.

"அவ இல்ல சேர்."

"எப்ப இருந்து?"

"சண்டை துவங்கின கிழம. தாய் வாகரைக்க மாட்டிக்கிட்டாவாம். ராத்தா, ரெண்டு நாளில அம்மாவைக் கூட்டித்து வாறன், புள்ளயப் பாத்துக்கங்க எண்டு செல்லித்துப் போனா. சனமெல்லாம் பொறவு நடந்து வந்திச்சி. ஒவ்வொரு முகாமா நான் போய்ப் பாத்தன். தாயும் வரல்ல, அவளும் வரல்ல."

"ஏன் அறிவிக்கேல்ல?"

அவர் முகத்துத் துணியை இழுத்து இறக்கினார். "மூணு நாள் வராட்டி பேர வெட்டணும் எண்டு நீங்கதானே சேர் சட்டம் போட்டீங்க? பேர வெட்டினா சம்பளம் நிக்கும், புள்ள பட்டினி. அதை எப்படியும் பாத்துக்கலாம். அந்த மாசங்கள்ல ஒரு தமிழ்ப் பொம்புள வேலைய விட்டுட்டுப் போயிட்டா எண்டு தெரிஞ்சா, எங்க போனா, ஆரோட போனா எண்டு கேட்டுக்கிட்டு வருவாங்க. அவட புள்ளயத்தானே புடிச்சிக் கேப்பாங்க? அவ வந்திடுவா எண்டு நெனச்சித்தான் முதல் நாள் போட்டன். இண்டைக்கு வருவா, நாளைக்கு வருவா எண்டு ரெண்டு வருசம் போயித்து."

"பெருவிரல்?"

"புள்ளடதான். எழுத்து எண்டா நான் போடுவன். விரலுக்கு ஒரு விரல் வேணுமே."

அவளுடைய பங்குக் கல்லை யார் அரிந்தது என்று நான் கேட்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டேனே. ஆனாலும் றமீஸா சொன்னார். மற்ற நேரம் அந்தக் கரைக்காரரும் இந்தக் கரைக்காரரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். "ஒங்கட மோட்டசைக்கிள் சத்தம் கேட்டா மட்டும் ஓடிப்போய்ப் படிவத்தில உள்ள சோடியா நிப்பம்" என்றார். ஏழாம் அச்சுக்கு மட்டும் எவளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. விதுர்ஷா அவர் வீட்டில்தான் படுக்கிறாள். ஒரு முஸ்லிம் வீட்டில் தமிழ்ப் பிள்ளையா என்று இரண்டு ஊரிலும் கதைத்தார்கள். "என்ட ஊட்டுல ஆரு படுக்கிற எண்டு நான்தான் செல்லணும் எண்டன், சேர். வாய மூடிட்டாங்க." மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குக் களத்துத் தமிழ்ப் பெண்களோடு பிள்ளையை அமிர்தகழிக்கு அனுப்பி வைக்கிறாராம், வருடம் தவறாமல்.

நான் உடைந்த கல்லுக்குப் பக்கத்தில் மணலில் குந்திவிட்டேன். மூன்று வருடம் அளந்தேன். அளந்தது அத்தனையும் பொய். இங்கே உண்மையாக இருந்த ஒரே ஒரு காரியத்துக்கு என் பதின்மூன்று கேள்விகளிலும் இடமில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யாரோடு கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பரிசு விசயத்தைச் சொன்னேன். அடையாள அட்டைக்கு எங்கே போவது? பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் பெரிய மனுசனாகச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வேலையை விட்டால் யாரும் ஏன் என்று கேட்காத காரணம் ஒன்றுதான் உண்டு, வெளிநாடு. தெருவுக்குப் பத்துப் பேர் போகிறார்கள், விசாரணை இல்லை, சந்தேகம் இல்லை. "சின்னத்தங்கம் 2008 செப்டெம்பர் 5ஆம் திகதி வரை கடமையாற்றி, வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு சென்றுவிட்டார்" என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் அடித்து, முத்திரை குத்தி, கையெழுத்தும் வைத்தேன். பிரதேச அலுவலகத்துக்கு ஒரு பிரதி போனது. பிள்ளையையும் காப்பாற்றினேன், றமீஸாவையும் காப்பாற்றினேன் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

கடிதத்தைக் காட்டியபோது றமீஸா கேட்டது ஒரே கேள்வி. "அவ திரும்பி வந்திட்டா என்ன செய்யிற?"

"வந்தா திரும்பச் சேர்க்கலாம்" என்றேன்.

2009 மே மாதம் போர் முடிந்தது. காணாமல் போனவர்களைப் பதியலாம் என்று சனங்கள் கந்தோர் கந்தோராக வரிசையில் நின்றார்கள். ஜூலையில் ஒரு நாள் றமீஸா மட்டக்களப்புக்கு, என் அலுவலகத்துக்கே வந்தார். பக்கத்தில் விதுர்ஷா. பதினொரு வயது, மெலிந்த பிள்ளை, என்னைக் கண்டதும் றமீஸாவின் முந்தானைக்குப் பின்னால் போனாள். றமீஸா கதிரையில் உட்காரவில்லை. என் மேசையில் ஒரு தாளைப் போட்டார். என் கடிதத்தின் பிரதி.

"பதியப் போனன் சேர். ரெண்டாயிரத்தி ஆறாம் ஆண்டு நவம்பர் மாசம் காணாமப் போனவ எண்டன். கந்தோர்ல இரிக்கிறவர் பைலைப் பாத்துட்டு இதைக் காட்டுறார். ரெண்டாயிரத்தி எட்டு வரைக்கும் ஒரு நாளும் தவறாம வேலைக்கு வந்திரிக்கா, பொறவு வெளிநாடு போயிரிக்கா. வெளிநாடு போனவ காணாமப் போனவ இல்லையே, கடிதம் வரும் எண்டு பாத்திட்டு இரிங்க எண்டார்." அவர் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். "அவளத் தேட ஏலாமப் பண்ணிட்டம் சேர். நான் ரெண்டு வருசமா, நீங்க ஒரு கடிதத்தில."

எவளைக் காப்பாற்ற நாங்கள் இரண்டு பேரும் இத்தனை பொய் சொன்னோமோ, அவளை யாரும் தேடத் தேவையில்லாத ஆளாக்கிவிட்டோம். வாகரையில் அவள் இறந்திருக்கலாம், எங்கோ ஒரு முகாமில் உயிரோடு இருக்கலாம். என்னுடைய தாள்களின்படி அவள் அப்போது ஏழாம் அச்சில் நின்று, தொண்ணூற்றெட்டுப் புள்ளி வாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே மூன்று வருடப் படிவங்களையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு அந்தக் கந்தோருக்குப் போனேன். பதிவு எடுக்கிற அலுவலர் வயதானவர், நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் கடிதம் பொய், என் புள்ளிகள் பொய், என் வேலை போனாலும் போகட்டும் என்றேன். அது அடுத்த மாதமே போனது, அது வேறு கதை. விரல் அடையாளங்களை அவர் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அளந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நான் நம்புறன்" என்றார். "ஆனா எனக்கு எழுத ஒரு வாக்குமூலம் வேணும். கடைசியாக் கண்ட ஆள் சொல்லணும்." பிள்ளையின் பக்கம் திரும்பினார். "மகள், அம்மாவைக் கடைசியா எப்ப கண்டீங்க?"

விதுர்ஷா கையைக் கட்டி நிமிர்ந்து நின்றாள். அலுவலரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இண்டைக்குக் காலையில. அம்மா கல் அரியப் போயித்தா. பின்னேரம் வருவா."

அலுவலரின் பேனை நின்றது. றமீஸா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்ல மகள், உண்மையச் செல்லு. இனி பயமில்ல, செல்லு" என்று றமீஸா அவள் முன்னால் முழந்தாளிட்டார். பிள்ளை தலையை ஆட்டினாள். கண் என் மேலேயே இருந்தது. மறுபடியும் அதே சொற்கள், ஒரு எழுத்துக் குறையாமல். "அம்மா கல் அரியப் போயித்தா. பின்னேரம் வருவா."

றமீஸா எழுந்து என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் சொன்னார், கோபமில்லை. "நான்தான் சேர் பழக்கின. படிவக்கார சேர் கேட்டா இப்படித்தான் செல்லணும், மாத்திச் செல்லிட்டா அம்மாட பேர வெட்டிருவார் எண்டு. நீங்க இங்க நிக்கிற வரைக்கும் அவ வாய் திறக்கமாட்டா. கொஞ்சம் வெளிய போங்க."

நான் படிவங்களை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். றமீஸா கதவைச் சாத்தினார். விறாந்தையில் கிடந்த நீள வாங்கில், காணாமல் போனவர்களின் புகைப்படங்களை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக இருந்தார்கள். உள்ளே பிள்ளை பேசத் தொடங்கிய சத்தம் கேட்டது. என்ன சொல்கிறாள் என்பது காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப்போய் நின்றேன்.